‘ப’ வராத நான்கு மாதங்கள்

முதலில் நான் மைக்கின் மீதுதான் பழியைப் போட்டேன்.

அய்யலூர் ஆட்டுச் சந்தை வியாழக்கிழமை விடிவதற்குள் கூடிவிடும். எங்கள் சபைப் பெண்கள் ஐந்து பேர் மாதத்தில் ஒரு வியாழன் அங்கே ஊழியத்துக்குப் போவோம். சந்தையின் ஓரத்தில் ஒலிபெருக்கி கட்டி, இரண்டு பாட்டுப் பாடி, ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசி, இயேசுவைப் பற்றி அச்சடித்த கைப்பிரதி கொடுத்துவிட்டு வருவோம். கடைசியாகப் பேசுவது நான். எனக்குக் கனத்த குரல். நூற்றுக்கணக்கான ஆடுகள் கத்தினாலும் அதற்கு மேல் கேட்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று “பாவம்” என்றேன். ஒலிபெருக்கியில் “ஃபாவம்” என்று காற்றாக வந்தது. “பரலோகம்” என்றேன். புஸ்ஸென்றது. மைக் செட் செல்வத்தைப் பார்த்து மைக்கை மாற்றச் சொல்லிச் சைகை காட்டினேன். செல்வம் எங்கள் பகுதிக்காரர். கோயில் திருவிழாவுக்கும் அவர்தான் கட்டுவார், எங்கள் கூட்டத்துக்கும் அவர்தான். வேறு மைக் கொடுத்தார். அதிலும் அதே புஸ்.

செல்வம் கிட்டே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“மைக்கு நல்லாத்தான்க்கா இருக்கு. ஒங்க வாய்தான் ஒரு பக்கமா இழுக்குது.”

நான் கையிலிருந்த கைப்பிரதிகளை நழுவவிட்டேன். ஒரு கிடா வந்து அதில் ஒன்றை நிதானமாக மென்றது.

அன்று காலையில் வீட்டில் வாய் கொப்பளித்தபோதே தண்ணீர் இடது கடைவாய் வழியே பீய்ச்சியடித்தது. அதற்கு முந்தின இரண்டு நாளும் இடது காதின் பின்னால் வலி இருந்தது. இரண்டையும் நான் பொருட்படுத்தவில்லை. இதைப் படிக்கிறவர்கள் பொருட்படுத்த வேண்டும் என்பதற்காகவே முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் ஆரோக்கியம் பள்ளியில் கணக்கு வாத்தியார். செய்தி கேட்டு வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வந்தார். அனுமதிச் சீட்டு எழுதுமிடத்தில் பெயர் கேட்டார்கள். “ரூஃபி” என்றேன். சீட்டு எழுதுபவர் திரும்பக் கேட்டார். “ரூஃபி.” அவர் “ரூகி” என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ரூபி என்கிற என் பெயரையே என்னால் சொல்ல முடியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு பல மாதம் அந்த மருத்துவமனையில் நான் ரூகியாகவே இருந்தேன்.

மருத்துவர் ஓர் இளம்பெண். நெற்றியைச் சுருக்கச் சொன்னார். கண்களை இறுக்கி மூடச் சொன்னார். ஊதச் சொன்னார். வலது பக்கம் எல்லாம் செய்தது. இடது பக்கம் சுவரைப் போல் நின்றது. கண்ணை மூடியதாகத்தான் நான் நினைத்தேன். ஆனால் இடது கண் திறந்தபடியே, கருவிழி மட்டும் மேலே ஏறி, வெள்ளையாகத் தெரிந்ததாம். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பக்கவாதமா டாக்டர்?” என்று அவர்தான் கேட்டார்.

“இல்ல சார். மூளையில வர்ற பக்கவாதம்னா பெரும்பாலும் நெத்தி சுருங்கும். இவங்களுக்கு நெத்தியும் சேந்து நின்னுருச்சு. கை கால் நல்லா இருக்கு. இது முகத்து நரம்பு வீங்குனது.”

முகவாதம் (முகத்தின் ஒரு பக்கத்துத் தசைகளை இயக்கும் நரம்பு, காதுக்குப் பின்னாலுள்ள எலும்புக் குழாய்க்குள் வீங்கி நசுங்குவது) என்று அதற்குப் பெயர். பெல்ஸ் பால்சி என்று சீட்டில் எழுதினார்கள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று அடித்ததால் வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். ஏன் வருகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஒரு வைரஸ் காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். சீக்கிரம் வந்ததுதான் நல்லது என்றும் சொன்னார். ஸ்டீராய்டு (வீக்கத்தை வேகமாகக் குறைக்கும் மருந்து) மாத்திரையை முதல் மூன்று நாளைக்குள் தொடங்கினால் பலன் அதிகமாம். நெற்றி சுருங்குகிறதா இல்லையா என்று வீட்டில் உட்கார்ந்து நாமே பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாய் கோணினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எனக்குப் புறா ரத்தம் தேய்க்கச் சொன்னவர்கள் மட்டும் நாலு பேர். அந்தப் புறாக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

“எப்ப சரியாகும்?” என்று கேட்டேன். அதில் ஒரு ‘ப’ இருந்ததால் மருத்துவருக்குப் புரியவில்லை. என் கணவர் மொழிபெயர்த்தார்.

“பெரும்பாலானவங்களுக்குச் சரியாயிரும். நரம்பு தன் வேகத்துலதான் வளரும். அவசரப்படுத்த முடியாது,” என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு முகத்தை நம்பி எத்தனை வேலைகள் நடந்துகொண்டிருந்தன என்று தெரிந்தது.

நான் வீட்டில் ரவிக்கை தைப்பவள். நூலை உதட்டில் வைத்து ஈரப்படுத்தித்தான் ஊசியில் கோப்பேன். நூல் உதட்டில் நிற்கவில்லை. குண்டூசிகளைக் கவ்விக்கொள்ள முடியவில்லை. காபி குடித்தால் பாதி சேலைக்குப் போனது. சோறு இடது கன்னத்துக்குள் ஒதுங்கி அங்கேயே தங்கியது. இடது கண் மூடாததால் பகலில் கண்ணாடியும் சொட்டு மருந்தும், தூங்கும்போது இமையை ஒட்டிவைக்க ஒரு பட்டையும் வேண்டியிருந்தது. இதைத் தவறாமல் செய்யுங்கள். கண் காய்ந்தால் கருவிழியில் புண் வரும்.

எல்லாவற்றையும்விட விசித்திரம் காதுதான். இடது காதில் எல்லாச் சத்தமும் பல மடங்காகக் கேட்டது. காதுக்குள் சத்தத்தைத் தணிக்கும் ஒரு சின்னத் தசை இருக்கிறதாம். அதையும் இதே நரம்புதான் இயக்குகிறது. குக்கர் விசில் அடித்தால் நான் துள்ளினேன். என் கணவர் தட்டுகளைத் துணி விரித்து அதன்மேல் அடுக்கப் பழகினார்.

மூன்றாம் நாள் எஸ்தர் சிஸ்டர் வந்தார். எங்கள் ஊழியக் குழுவின் தலைவி. அறுபதை நெருங்குகிறவர், ஒல்லியான உருவம், ஓயாத கால்கள். சந்தையில் பார்த்ததைவிடக் கோணிப்போயிருந்த என் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இது சத்துரு சாத்தானோட வேலை ரூபி. ஒன் வாயக் கட்டணும்னே வந்திருக்கான். மூணு நாள் உபவாசம் இரு.”

“மாத்திரையை வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சிஸ்டர்,” என்றார் என் கணவர்.

எஸ்தர் சிஸ்டர் ஒரு கணம்தான் யோசித்தார். “அப்பச் சரி. அவளுக்காக நான் இருக்கேன்.”

சொன்னபடி இருந்தார். ஸ்டீராய்டு மாத்திரைக்கு அகோரப் பசி எடுக்கும். அவர் எனக்காகப் பட்டினி கிடந்த மூன்று நாளும் நான் ஒரு நாளைக்கு ஐந்து வேளை சாப்பிட்டேன். அவருடைய அன்பை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. பின்னால் நடந்ததைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

என் கணவர் பிறப்பிலிருந்தே கத்தோலிக்கர். நாங்கள் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் அவருடைய கோயிலுக்கு, நான் என் சபைக்கு. பேருந்தில் அவர் யாருக்கும் கைப்பிரதி கொடுத்துப் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டால், “எங்க வீட்ல சாமியப் பத்திப் பேசிப் பழக்கமில்ல. சாமிகிட்டப் பேசித்தான் பழக்கம்,” என்பார். அது எனக்குச் சோம்பேறித்தனமாகவே பட்டு வந்தது.

எஸ்தர் சிஸ்டர் அடுத்த சனிக்கிழமை என் சுகத்துக்காக எங்கள் தெருவிலேயே கூட்டம் வைக்க ஏற்பாடு செய்தார்.

இங்கே பாண்டியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்பவர். தாடிக்கொம்புப் பெருமாளுக்குச் சனிக்கிழமை தவறாமல் போகிறவர். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய கணவர் நெஞ்சுவலியில் மருத்துவமனையில் கிடந்தபோது நான் குழுவோடு போய் வார்டில் சத்தமாக ஜெபித்தேன். நாலாம் நாள் அவர் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போன இடத்தில் நான் பாண்டியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னைக்கே விசுவாசிச்சிருந்தா அவரு பிழைச்சிருப்பாருக்கா,” என்றேன். கர்த்தரைப் பற்றிச் சாட்சி சொல்லக் கிடைத்த நேரத்தை நழுவவிடக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் நழுவவிடவில்லை.

பாண்டியம்மாள் கையை உருவிக்கொண்டார். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. இரண்டு வருடம், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும், ஒருவர் வாளி சத்தம் ஒருவருக்குக் கேட்கும்படி இருந்தோம். அதை நான் சாட்சிக்காகப் பட்ட பாடு என்று கணக்கில் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை மாலை தெருவில் நாற்காலிகள் போட்டார்கள். செல்வம் எங்கள் வீட்டு முன் விளக்குக் கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டினார். என்னை முன்வரிசையில், அதற்கு நேர் கீழே உட்காரவைத்தார்கள்.

முதல் பாட்டு தொடங்கியது. இடது காதுக்குள் கம்பியை விட்டுத் திருகியது போல் இருந்தது. காதைப் பொத்தினேன். தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினேன். கண்ணில் நீர் வழிந்தது. எஸ்தர் சிஸ்டர் அதைப் பார்த்தார். நான் பரிசுத்த ஆவியில் நிறைந்துவிட்டதாக நினைத்து, சத்தத்தைக் கூட்டச் சொல்லிச் செல்வத்துக்குக் கை காட்டினார்.

பதினான்கு வருட ஊழியத்தில் எத்தனையோ தெருக்களில் அந்தக் குழாயை நான் திருப்பிவிட்டிருக்கிறேன். அதன் வாய்க்கு எதிரில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

எல்லோரும் ஜெபத்துக்குக் கண் மூடினார்கள். நான் எழுந்தேன். என் வீட்டுக்குள் நுழைந்து கொல்லைப் பக்கம் போனேன். அங்கேயும் சத்தம் துரத்தியது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான கொல்லைச் சுவரில் ஒரு இடம் இடிந்திருக்கும். அதைத் தாண்டினேன். எனக்காக அத்தனை பேர் கண் மூடி மன்றாடிக்கொண்டிருந்த நேரத்தில், நான் பாண்டியம்மாளின் அடுப்படிக்குள் நின்றேன்.

அவர் மாவைப் பாக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அவர் கை அப்படியே நின்றது.

“சத்தமா?” என்றார்.

தலையாட்டினேன்.

எழுந்து கொல்லைக் கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். ஒரு பழைய சேலையை மடித்து என் இடது காதில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். புளித்த மாவு வாசம் அடித்தது.

“எங்க வீட்டுக்காரருக்கும் கடைசில சத்தந்தான் ஆகல,” என்றார் அவர்.

என்னால் பதில் பேச முடியாது. வாய் சரியாக இருந்திருந்தால் உடனே ஏதாவது சொல்லியிருப்பேன். அந்தப் பழக்கம் எனக்கு நிறைய உண்டு. வாய் வராததால் அவர் பேசினார்.

“ஆசுபத்திரியில நீ வந்து ஜெபிச்சதுக்கு எனக்கு வருத்தமில்ல தாயி. அவரே சொன்னாரு, நல்ல மனசோடதான் வந்திருக்காக, சத்தந்தான் சாஸ்தின்னு. சிரிச்சாரு கூட. ஆனா துட்டிக்கு வந்த அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்ன பாரு. அவரு போனது பத்தாதுன்னு, எங்களாலதான் போனாருன்னுல்ல ஆக்கிப்புட்ட. ரெண்டு வருசமா அதத்தான் நெனச்சிட்டுக் கெடக்கேன். நாந்தான் ஏதும் செய்யாம விட்டுப்புட்டனோன்னு.”

இரண்டு வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

நான் சுட்டுவிரலால் இடது கடைவாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்தால்தான் ‘ம’வும் ‘ப’வும் ஓரளவாவது வரும்.

“மன்னிச்சிருங்கக்கா. நீங்க ஒரு தப்பும் செய்யல. நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது. அது பொய்க்கா.”

ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவு மெதுவாக நான் வாழ்க்கையில் எதையும் சொன்னதில்லை.

பாண்டியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண் நிறைந்தது. பிறகு சேலைத் துணியை என் கையில் கொடுத்தார்.

“விரல எடு. எச்சி ஒழுகுது,” என்றார். “சாப்டியா?”

பணியாரத்தைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தார். தொட்டுக்கொள்ளும் வெஞ்சனமாக இருந்த சட்னி காரம் என்று அதைத் தள்ளிவைத்தார். நான் பத்துப் பணியாரம் தின்றேன். ஐந்து, மாத்திரைப் பசிக்கு. மற்ற ஐந்துக்கு என்னிடம் காரணமில்லை.

இதற்குள் வெளியே சத்தம் சட்டென்று இறங்கியது. செல்வம் கண் மூடாத ஆள். நான் எழுந்து போனதைப் பார்த்துவிட்டுக் குழாயைத் தென்னந்தோப்புப் பக்கம் திருப்பிவிட்டார். பிறகு கேட்டபோது, “அங்கிட்டு மரந்தான்க்கா, அதுகளும் கேக்கட்டும்,” என்றார். ஜெபம் முடிந்து கண் திறந்தவர்கள் காலி நாற்காலியைப் பார்த்துத் திகைத்தார்களாம். என்னைத் தேடிக் கொல்லைவரை வந்து பாண்டியம்மாளின் குரலைக் கேட்டுவிட்டுப் போன என் கணவர்தான், “அவ பக்கத்து வீட்ல சாப்டுட்டு இருக்கா,” என்று அறிவித்திருக்கிறார். அவர் வாழ்நாளில் ஒரு ஊழியக் கூட்டத்தில் பேசியது அந்த ஒரு வரிதான்.

இயன்முறைச் சிகிச்சை (தசைகளைப் பழக்கும் பயிற்சி) இரண்டாம் வாரத்தில் தொடங்கியது. கண்ணாடி முன் உட்கார்ந்து புருவத்தைத் தூக்க வேண்டும், மூக்கைச் சுருக்க வேண்டும், உதட்டைக் குவிக்க வேண்டும். கொஞ்ச நேரம், ஒரு நாளைக்குப் பல முறை. முக்கி முக்கிச் செய்யக் கூடாது, அப்படிச் செய்தால் தசைகள் தப்பாகப் பழகிவிடும் என்று சிகிச்சையாளர் கண்டிப்பாகச் சொன்னார். ‘ப’வும் ‘ம’வும் வரும் சொற்களைத் தினமும் யாரிடமாவது சொல்லிக் காட்டச் சொன்னார்.

என் கணவர் காலையில் பள்ளிக்குப் போய்விடுவார். பாண்டியம்மாள் வாத்தியாரானார். மாவு வேலை முடிந்ததும் சுவர் இடிந்த இடத்தின் வழியாக வந்து எதிரில் உட்காருவார்.

“பருப்பு.”

“ஃபருஃபு.”

“காத்து போகுது. திரும்பச் சொல்லு. பம்பரம். பப்பாளி.”

அவரிடம் சொல் தீர்ந்தபோது, “ஒனக்கு எது வரணும்னு ஆசை, அதச் சொல்லு,” என்றார். தினமும் நான் சொல்லும் கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னேன். பரமண்டலம் என்பதில் தொடங்கி அதில் வரிக்கு வரி ‘ப’வும் ‘ம’வும்தான். பாண்டியம்மாள் குனிந்து என் உதட்டைப் பார்த்தபடி ஓர் எழுத்து விடாமல் கேட்டார். தப்பு வந்தால் நிறுத்தினார். பத்து நாளில் அவருக்கே அது மனப்பாடமாகிவிட்டது. மறந்த இடத்தில் எடுத்துக் கொடுத்தார்.

இவர் ஒரே ஒரு கைப்பிரதியையாவது படிக்க மாட்டாரா என்று நான் வருடக்கணக்கில் அவருடைய வாசலில் செருகிவைத்திருக்கிறேன்.

ஒருநாள், மற்றவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று வரும் வரியில் நிறுத்தினார். “இது நெசமாவே தெனமும் சொல்லுவீகளா?”

“தினமும்.”

“சொல்ல லேசாத்தான் இருக்கு,” என்றார். நான் விளக்கவில்லை. எனக்கு அந்த வரி பற்றி அரை மணி நேரம் பேசும் குறிப்புகள் இருந்தன. ஒரு பெட்டியில் கிடந்தன.

நான்காம் வாரம் ஒருநாள் அவர், “பெருமாள். சொல்லு,” என்றார்.

நான் தயங்கினேன்.

“கும்புடவா சொன்னேன்? பஸ் போர்டுல படிக்கிறாப்ல சொல்லு.”

“ஃபெருமாள்.”

பாண்டியம்மாள் ஏமாற்றத்தோடு தலையில் கை வைத்தார். “ஒங்க சாமிக்கும் காத்து போகுது, எங்க சாமிக்கும் காத்து போகுது. ஒன் நரம்புக்கு வித்தியாசம் தெரியல போ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. திடீரென்று அவர் என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். “ஏத்தா, அசையுது! இந்தா, இந்த ஓரம் அசைஞ்சிச்சு!” கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். இடது கடைவாயில், எறும்பு ஊர்கிற அளவு ஓர் அசைவு. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தோம், அழுதோம். எது எது என்று என் முகத்தில் அப்போது பிரிக்க முடியாது.

முகவாதக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த முதல் அசைவு வரும்வரை உள்ள நாட்கள்தான் நீளம். அது வந்துவிட்டால் நாள் தானாக நகரும்.

இதற்கிடையில் எஸ்தர் சிஸ்டர் ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் வந்தார். நாங்கள் பயிற்சியில் இருந்தோம். நான் ஒரு சொல்லில் தடுமாற, பாண்டியம்மாள் ஜெபத்தின் மீதி வரிகளை மடமடவென்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எஸ்தர் சிஸ்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். மாவு வாங்க ஆள் வந்ததும் பாண்டியம்மாள் போய்விட்டார்.

“ரூபி, இது அற்புதம். அடுத்த மாசக் கூட்டத்துல அவங்களை மேடையில ஏத்துவோம். அவங்க வாயால சொல்லட்டும்.”

மேடையில் பாண்டியம்மாளை நினைத்துப் பார்த்தேன். குழாய் ஒலிபெருக்கி அவர் பெயரைத் தெருவெல்லாம் சொல்வதை நினைத்துப் பார்த்தேன்.

“வேண்டாம் சிஸ்டர்,” என்றேன். பதினான்கு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் வேண்டாம். “அவங்க விசுவாசத்துக்கு வரல. எனக்குப் பேச்சு வரணும்னு வாராங்க.”

“தொறந்த கதவ நீயே சாத்துறியா?”

“இல்ல சிஸ்டர். அது அவங்க வீட்டுக் கதவு.”

எஸ்தர் சிஸ்டரின் முகம் சுருங்கியது. உள்ளே வந்து உட்கார்ந்து மெதுவாகப் பேசினார்.

“நான் எப்படி இந்த ஊழியத்துக்கு வந்தேன்னு ஒனக்குத் தெரியுமா? எங்க வீட்டுக்காரரு விட்டுட்டுப் போன வருசம், கைப்புள்ளையோட ரயிலடியில உக்காந்திருந்தேன். வீட்டுக்குத் திரும்புற எண்ணமே இல்ல. எங்கேயோ ஒரு தெருக் கூட்டத்து மைக்கு சத்தம் கேட்டுச்சு. முகந்தெரியாத ஒருத்தர் பேசுனாரு. அதக் கேட்டுத்தான் எந்திரிச்சேன். அன்னைக்கு எனக்குப் பக்கத்து வீடுன்னு ஒண்ணு இல்ல ரூபி. மைக்குதான் இருந்துச்சு.”

அவர் சொன்னது உண்மை. நான் அடுப்படியில் கண்டதும் உண்மை. அவர் கோபத்தோடுதான் போனார். ஆனால் பாண்டியம்மாளை மேடைக்குக் கூப்பிடவில்லை. மூன்று வாரம் கழித்து எனக்குப் பிடித்த கேப்பைக் கூழைத் தூக்குச் சட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, “உறிஞ்சிக் குடிக்க வருதா பாரு,” என்றார். வந்தது.

நான்காம் மாதம் பரிசோதனைக்குப் போனேன். சீட்டு எழுதுமிடத்தில் பெயர் கேட்டார்கள்.

“ரூபி.”

சுத்தமாக, காற்றில்லாமல் வந்தது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. எழுதுபவர் பழைய சீட்டைப் பார்த்தார்.

“இதுல ரூகினு இருக்கேம்மா. இது ஒங்க சீட்டுதானா?”

என் கணவர் சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் ஒரு பொது இடத்தில் கேட்டேன்.

மருத்துவர் நெற்றி, கண், வாய் எல்லாம் பார்த்தார். முக்கால்வாசிக்கு மேல் திரும்பிவிட்டது என்றார். மீதி வரலாம், வராமலும் போகலாம். நரம்பு திரும்ப வளரும்போது சில இழைகள் வழி மாறிப் போய்விடுமாம் (வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போவது போல). அதனால் நான் சிரித்தால் இடது கண் சுருங்குகிறது. கண்ணடிப்பதாகச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஏதாவது மென்றால் இடது கண்ணில் மட்டும் நீர் வழிகிறது. போன கிறிஸ்துமஸுக்கு என் கணவர் பிரியாணி வாங்கி வந்தார். நான் அழுதுகொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இப்போது மாதத்தில் ஒரு வியாழன் சந்தைக்கு மறுபடியும் போகிறேன். பாட்டுக்கு நிற்கிறேன். மைக்கை எஸ்தர் சிஸ்டரே வைத்துக்கொள்கிறார். ஒலிபெருக்கியின் சத்தத்தை எவ்வளவு வைப்பது என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிட்டார்கள். எங்களுக்குள் கருத்து ஒன்றாகிவிடவில்லை. என் மௌனத்தை அவர் இன்னும் பின்மாற்றம் (விசுவாசத்திலிருந்து பின்வாங்குவது) என்றுதான் நினைக்கிறார். எனக்காக ஜெபிக்கிறார். நான் அதை ஏற்றுக்கொள்கிறேன்.

சென்ற மாதம் பாண்டியம்மாளுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. மகள் கோயம்புத்தூரிலிருந்து வர முடியவில்லை. “நீ வாரியா?” என்று என்னைத்தான் கேட்டார். உள்ளே அழைத்துப் போகும்முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஜெபிக்கணும்னா ஜெபி. மெதுவா,” என்றார். உதடு மட்டும் அசைய ஜெபித்தேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், “ஒரு எடத்துல காத்து போச்சு,” என்றார். ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தவர் நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல் காத்து நின்றார்.

இது என் முகம்தான், ஆனால் பழைய முகம் இல்லை. வலது பாதி நான் நினைத்தவுடன் வந்துவிடுகிறது. இடது பாதி அரை மூச்சு தாமதித்து வருகிறது. பார்ப்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பேச வாயெடுத்தால் அது வந்து சேரும்வரை நான் காத்திருக்க வேண்டும். முன்பெல்லாம் எனக்கு அரை மூச்சு என்று ஒரு அளவே கிடையாது.

நேற்று டவுன் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். மடியில் மருத்துவமனைப் பை. நான் அவரைப் பார்த்துச் சிரித்து, ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் இடது பக்கம் இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் அவர் தொடங்கிவிட்டார். அவருடைய மகனைப் பற்றி, அவனுக்கு எடுத்த ஸ்கேனைப் பற்றி, வெள்ளிக்கிழமை வரப்போகும் முடிவைப் பற்றி. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவன் பெயர் என்ன என்று மட்டும் கேட்டேன். சொன்னார். ஜன்னலைப் பார்த்தால் நான் இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஜெபத்தில் காற்றுப் போகாமல் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெயரை நான்கைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே, வெயிலில் வீட்டுக்கு நடந்தேன்.